காற்றடிக்கும் நாட்களில் டனிஸ்ரன்

படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டித் தண்ணீருக்குள் இறக்க, அக்னெஸ் தன் ஐம்பத்தேழாவது வயதில் பழகினாள். மொன்றியலில், டோர்வால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து வரும்போது, ஆளில்லாத வாகனத் தரிப்பிடம் ஒன்றில் வெறும் டிரெய்லரைக் காரில் கொழுவிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடிப் பார்ப்பாள். அதுவரை அது அவள் கணவர் டனிஸ்ரனின் வேலையாக இருந்தது. மருத்துவர் அவர் இனிக் கார் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்த பிறகு அவளுடையதாயிற்று.

டனிஸ்ரன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் ஒரே இயந்திரத்தை இயக்கியவர். அறுபதாவது வயதில் ஒருநாள் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, இதை எப்படி நிறுத்துவது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கிறார். பரிசோதனைகள் நடந்தன. மறதி நோய், வயதுக்கு முந்தி வந்துவிட்டது, வேகமாகப் போகும் என்றார்கள். மருந்து இருக்கிறதா என்று அக்னெஸ் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் மருத்துவர் அடுத்துமுறை வரவேண்டிய திகதியை எழுதிக் கொடுத்தார்.

கடற்றொழில் ஊரான பாசையூரில் பிறந்தவர் என்றாலும் டனிஸ்ரன் மீன்பிடிகாரர் இல்லை. தகப்பன் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். தூண்டில் பிடித்ததே மொன்றியலுக்கு வந்த பிறகுதான். தொழிற்சாலையில் கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் பழக்கிவிட்டார். சென் லூயி ஏரியில் டோறே என்ற மீன் இருக்கிறது. ஆங்கிலத்தில் வோல்ஐ என்பார்கள். மங்கிய தங்க நிறம், கண்ணாடி போட்டதுபோலப் பெரிய கண். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. ஏரி தட்டையாகக் கிடந்து வெயில் உள்ளே இறங்கினால் அது ஆழத்தில் போய்ப் படுத்துவிடும். காற்றடித்து அலை எழும்பித் தண்ணீர் கலங்கினால்தான் ஆழமில்லாத மேட்டுக்கு வந்து இரை தின்னும். அதனால் டோறே பிடிக்கிறவர்கள் காற்றைப் பார்த்துத்தான் வெளிக்கிடுவார்கள்.

நோய் வந்த பிறகு அக்னெஸ் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். காற்றில்லாத நாளில் படகில் இருந்தாலும் டனிஸ்ரன் வீட்டில் இருப்பது போலத்தான் இருந்தார். தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் எங்கே போகிறோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் ஒருநாள் எதிர்பாராமல் மேற்குக் காற்று எழும்பியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஞ்சின் பிடியில் கை போனது. படகின் மூக்கைத் திருப்பி ஒவ்வொரு அலையையும் சரிவாக வாங்கினார்.

“அக்னெஸ், அந்தக் கரையில இருக்காதையும். நடுவுக்கு வாரும்” என்றார்.

மூன்று கிழமையாக அவர் அவளுடைய பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு அவள் காற்று நாட்களையே தெரிவு செய்தாள். லீவு நாட்களை வானிலையைப் பார்த்து மாற்றிக்கொண்டாள். லசீனில் டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் மண்புழு டப்பா வாங்கி, படகுத்துறைக்குப் போய், மற்றவர்கள் வெளியே எடுக்கும் நேரத்தில் இவள் படகை உள்ளே இறக்கினாள். இரண்டு கோடைகாலம் அப்படிப் போனது. அலைக்குள் இருக்கும் மூன்று மணித்தியாலம் அவர் அவளோடு கதைத்தார், பகிடி விட்டார், ஒருதரம் அவள் தூண்டில் போடும் அழகைப் பார்த்துச் சிரித்தார். கரைக்கு வந்து காரில் ஏறும்போது பழையபடி ஆகிவிடுவார். அவளுக்கு அந்த மூன்று மணித்தியாலம் காணும்; அதற்கு மேல் கேட்கவில்லை.

லவாலில் இருக்கும் மகள் றோசலின் தொலைபேசியில் சண்டை பிடித்தாள். “அம்மா, டொக்டர் போட்டில போறதும் வேண்டாம் எண்டவர் எல்லே?”

“கார்தான் வேண்டாம் எண்டவர்.”

“பொய் சொல்லாதேங்கோ. அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில விடுவம். பேர் பதிஞ்சாலும் கட்டில் கிடைக்க ஒரு வருசம் எடுக்கும்.”

“பேந்து பாப்பம்” என்று அக்னெஸ் வைத்துவிட்டாள்.

இரண்டாம் வருடம் செப்டெம்பர் கடைசியில், மேற்கிலிருந்து பலத்த காற்று என்று வானிலையில் சொன்ன நாளில் போனார்கள். துறையில் படகை வெளியே எடுத்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், இது ஏரிக்குப் போகிற நாள் இல்லை மேடம் என்று பிரெஞ்சில் சொன்னார். அக்னெஸ் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

டோர்வால் தீவைத் தாண்டியதும் அலைகள் படகின் விளிம்பளவுக்கு வந்தன. டனிஸ்ரன் சந்தோசமாக இருந்தார். படகு வேகமாக அள்ளுப்படாமல் இருக்க, குடை போல விரியும் துணிப்பையைத் தண்ணீருக்குள் விட்டார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபடி தூண்டிலைப் போட்டார். கால் மணித்தியாலத்தில் முழங்கை நீளத்தில் ஒரு டோறே வந்தது. அக்னெஸ் வலைக்கூடையால் அள்ளினாள்.

“நல்ல சாமான்” என்றார். “இண்டைக்கு நான் பொரிச்சுத் தாறன். நீர் சும்மா இரும்.”

அவள் மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றக் குனிந்தாள். எஞ்சின் சத்தம் நின்றது.

நிமிர்ந்தபோது அவர் கையில் சிவப்புச் சுருள்கயிறு இருந்தது. ஓட்டுகிறவர் தண்ணீருக்குள் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக உடுப்பில் கொழுவும் கயிறு அது. அதன் நுனியிலுள்ள கிளிப் எஞ்சினில் இருந்தால்தான் எஞ்சின் ஓடும். டனிஸ்ரன் அதைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

“என்ன செய்யிறீங்கள்? போடுங்கோ அதை!”

படகு பக்கவாட்டில் திரும்பியது. ஓர் அலை உள்ளே விழுந்தது. அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார்.

“நீங்கள் ஆரம்மா?”

கலியாணம் முடித்த முப்பத்துநான்கு வருடத்தில் அவர் அவளை ‘நீர்’ என்பாரே தவிர ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை.

“நான் அக்னெஸ். உங்கட மனிசி. அந்தக் கயித்தைத் தாங்கோ.”

“என்ர மனிசி வீட்டில நிக்கிறா. இது அவவின்ர சாமான். அவவிட்டத்தான் குடுப்பன்.”

அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவர் பயந்து எழும்பினார். படகு சரிந்தது. அவள் கையை விட்டுவிட்டுக் கீழே உட்கார, அவரும் உட்கார்ந்தார். நங்கூரத்தைப் போட்டாள், அது அடியில் இழுபட்டதே தவிரப் பிடிக்கவில்லை. அவசர எண்ணுக்கு அழைத்தாள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்ட குரலுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்த அலை தொலைபேசியைத் தட்டிப் படகின் அடித்தண்ணீருக்குள் விழுத்தியது. காற்று அவர்களைக் கிழக்கே தள்ளியது. ஏரி ஆறாக ஒடுங்கும் இடம் அங்கேதான். அதற்கப்பால் மேர்சியே பாலம், பாலத்தைத் தாண்டினால் பாறைகளில் தண்ணீர் கொதிக்கும் இடம். கரைவீடுகள் நகர்ந்துகொண்டே போயின. மீன் அவள் சப்பாத்தில் வாலால் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டினாள். ஹோட்டலில் எதிர்ப்படும் விருந்தாளிகளோடு பேசும் குரலில் சொன்னாள்.

“அண்ணை, அக்னெஸ்தான் என்னை அனுப்பினவ. அதை வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ.”

அவர் யோசித்தார். “அவ சுகமோ?”

“ஓம். சுகமா இருக்கிறா.”

“வெளியில குளிருது. வெளிக்கிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

கையை விரித்தார். கிளிப் அழுத்தியதில் உள்ளங்கை சிவந்திருந்தது.

அக்னெஸ் நங்கூரக் கயிற்றையும் துணிப்பையின் கயிற்றையும் கத்தியால் அறுத்துவிட்டாள். கிளிப்பை எஞ்சினில் மாட்டி, அதன் கயிற்றை ஏழு தரமோ எட்டுத் தரமோ இழுத்த பிறகுதான் அது பிடித்தது. அவர் செய்வதைப் பார்த்திருந்ததால் மூக்கை அலைக்குச் சரிவாக வைக்கத் தெரிந்தது. துறைக்கு வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. டனிஸ்ரன் முன்னால் அவளுடைய இடத்தில் இருந்து, தண்ணீரை ஒருதரமும் பார்க்காமல், மேற்சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய காற்றும் இந்தமுறை அவரை நிமிர்த்தவில்லை.

அன்று பின்னேரமே அவள் றோசலினுக்கு அழைத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“பேர் பதியட்டோ அம்மா?”

“பதி” என்றாள்.

வருடம் எடுக்கவில்லை. டிசெம்பரில் லசாலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் கிடைத்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அக்னெஸ் வேலை முடிந்து காரில் போய் இரவுச் சாப்பாடு தீத்திவிடுவாள். முதல் நாட்களில், நான்தான் அக்னெஸ் என்று சொன்னாள். அப்போதெல்லாம் அவர் கலங்கினார். யாரோ ஒரு பெண் தன் மனைவியின் பெயரைக் களவெடுத்துக்கொண்டு வந்திருப்பதாகத் தாதியிடம் முறையிடப் பார்த்தார். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

“அக்னெஸ் வரேல்லையோ?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

“அவவுக்கு வேலை அண்ணை.”

பெப்ரவரியில் ஒருநாள் அவர் கரண்டியைத் தள்ளிவிட்டார். “அவ இனி வரமாட்டா. என்ன?”

அவள் கரண்டியைத் துடைத்தாள். “எனக்குத் தெரியாது அண்ணை” என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு வாயைத் திறந்தார். அவள் மிச்சத்தையும் தீத்தி, கன்னத்தில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டாள்.

ஏப்ரலில், அக்னெஸ் வரேல்லையோ என்ற கேள்வியும் நின்றுபோயிற்று. முதல் இரண்டு நாள், களைப்பாக்கும் என்று நினைத்தாள். மூன்றாம் நாள், தட்டுகளை எடுக்க ஆள் வந்த பிறகும் அவர் கேட்கக்கூடும் என்று காத்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனாள்.