ஆம்புலன்ஸ் அக்காவின் உரக்குவியல்

ஆம்புலன்ஸ் அக்காவுக்குக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. உலைக்கு மூடி போட்டால் மூன்று தடவை திறந்து பார்ப்பாள். லிஃப்ட்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, அது கீழே வருவதற்குள் படியில் இரண்டு மாடி ஏறியிருப்பாள். கட்டிக்கொண்டதோ ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

இருபத்திரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்போன், எதிர்ச்சுவரில் தட்டு மாதிரி ஒரு கடிகாரம். "பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு, காத்திருங்க." நாள் முழுக்க இதைத்தான் சொல்லணும். போன வருஷம் ஒருத்தர், பெண்டாட்டி மூச்சுவிட முடியாமல் தவிக்கிறாள் என்று கூப்பிட்டார். பதினோரு நிமிஷம் லைனிலேயே இருந்தார். அக்காவும் காத்திருங்க, காத்திருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வழியில் மரம் விழுந்து கிடந்ததால் வண்டி சுற்றிப் போனது. போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா இல்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து எதற்காகவும் காத்திருக்க அக்காவால் முடியவில்லை.

"மண்ணுல வேலை பார்த்தா மனசு அடங்கும்னு சொல்றாங்க" என்று மூன்று மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர் எல்லையில் இருந்த இயற்கை விவசாயப் பயிற்சிப் பண்ணையில் சேர்ந்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பயிற்சி முடிவில் நான்கு பேருக்கு மட்டும் ஆளுக்கொரு துண்டு நிலம், மூன்று வருஷத்துக்குப் பயிர் செய்துகொள்ளலாம். அது கிடைத்தால் அந்த அலுவலக நாற்காலிக்கு ஒரு கும்பிடு. கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதி மறுபடி ஹெட்போன்.

வகுப்பெடுத்த டீச்சருக்கு வயது இருபத்தாறுதான். கறாரான பெண். "ஆளுக்கொரு உரக்குவியல் போடுங்க. நிலம் யாருக்குன்னு முடிவு பண்ற சோதனை அன்னிக்கு, நடுவுல செருகின கம்பியை உருவுவேன். கையில பிடிக்க முடியாத சூடு இருக்கணும். அந்தச் சூடுதான் களை விதையைக் கொல்லும். சூடு ஏறாத உரத்தைக் கொண்டுபோய்ப் போட்டீங்கன்னா களையைத்தான் அறுப்பீங்க" என்றாள்.

காய்ந்த இலை, பச்சைத் தழை, மாட்டுச் சாணம் என்று அடுக்கடுக்காக, அக்கா இடுப்புயரத்துக்குக் குவித்தாள். அதுவரை எல்லாம் சரி. அப்புறம்தான் ஆரம்பித்தது வினை. காலையில் வந்ததும் நடுவில் தோண்டிப் பார்ப்பாள். வறண்ட மாதிரி தெரிந்தால் ஒரு வாளித் தண்ணீர். சாப்பிட்டு வந்து மறுபடி ஒரு கிளறு. ஏற்கெனவே பீன்ஸ் விதையை முளைத்ததா என்று தோண்டித் தோண்டியே சாகடித்தவள்தானே! பக்கத்துக் குவியல் கூடவே கற்றுக்கொள்ள வந்த ஒரு சலூன்காரருடையது. "அக்கா, அது கஷ்டப்பட்டு ஒரு போர்வை போர்த்திக்குது, நீங்க போய் உருவிடுறீங்க" என்று சிரித்தார்.

"உங்க வேலையைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வாரம் டீச்சர் கம்பியை உருவிப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள், தண்ணீர் சொட்டியது.

"சோதனைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்குக்கா. பிரிச்சு, காய்ஞ்ச இலை சேர்த்து, புதுசா அடுக்குங்க. அப்புறம் எட்டு நாளும் தொடக்கூடாது."

"தொடாம இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படி டீச்சர் தெரியும்?"

"தெரியாது. அதான் வேலையே."

அந்த எட்டு நாள் எப்படிப் போனது என்று லிஃப்ட் மெக்கானிக்கைக் கேட்டால்தான் தெரியும். வீட்டில் மின்விசிறி இரண்டையும் கழற்றித் துடைத்தாள். பீரோவை இடம் மாற்றினாள், மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினாள். அவருடைய கருவிப்பெட்டியில் இருந்த திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்தாள். "தாயே, உன் குவியலை நானே வந்து கிளறிட்டு வர்றேன், என் பெட்டியை விட்டுடு" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பண்ணையிலும் இதே கதைதான். மற்ற பதினொரு பேருடைய பாத்திக்கும் மண் காயாதபடி மூடாக்குப் போடக் காய்ந்த இலையை அவளே அள்ளிக்கொண்டு வந்தாள். கண் மட்டும் தன் குவியலைவிட்டு நகரவில்லை.

ஆறாம் நாள் காலை வந்து பார்த்தால் குவியல் ஒரு சாண் அமுங்கியிருந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. அழுகிவிட்டதோ? தண்ணீர் அதிகமோ? கொட்டகைக்கு ஓடி மண்வெட்டியை எடுத்து வந்தாள், ஓங்கியும் விட்டாள். சலூன்காரர் பார்த்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வேணாம்கா" என்றார், அவ்வளவுதான்.

மண்வெட்டி அப்படியே நின்றது. மெல்லக் கீழே வைத்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குவியலுக்கு எதிரே, இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை அறியாமல் வாய் முணுமுணுத்தது: "பதறாதீங்க, காத்திருங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அடக் கடவுளே, இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டா அந்த மனுஷர் பதினோரு நிமிஷம் இருந்தார்! குப்பைக்கே நமக்கு இப்படி இருக்கிறதே என்று நினைத்தாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மூன்று மணிவரை எழுந்திருக்கவில்லை.

சோதனை நாளன்று அவள் குவியலின் முறை கடைசியாக வந்தது; அதுவரை மூன்று பேர்தான் தேறியிருந்தார்கள். டீச்சர் துணியைச் சுற்றிக் கம்பியை உருவினாள். நுனியில் லேசாக ஆவி பறந்தது. கம்பியை அக்கா பக்கம் நீட்டினாள். அக்கா வெறுங்கையால் பிடித்தாள்.

"ஐயோ விடுங்கக்கா, சுடுது! நிலம் உங்களுக்குத்தான், விடுங்க!"

விரல் சிவந்த பிறகுதான் விட்டாள்.

"வந்து சேர்ந்திருச்சு" என்றாள்.

"எது அக்கா?" என்றார் சலூன்காரர்.

"வண்டி."