இரண்டாவது மணி வரை

மதுரை பழங்காநத்தத்தில் நான் ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலிக்காரர்கள். மீதிப்பேர் பைக்கில் விழுந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள். நாடாளுமன்றத்தில் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் தேவை எனக்கு வரும் என்று நினைத்ததே இல்லை. ஓர் அம்மாவின் மணிக்கட்டு முறிந்ததால் வந்தது.

அவர் மேல்சபை எம்.பி. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். கொடிக்கால் பெண்களின் கூலிக்காகப் பேச ஆரம்பித்து, பேசிப் பேசியே கட்சியில் மேலே வந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு என்னிடம் வந்தார். முதல் நாள் மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தார். எம்.பி. என்பதை அவருடைய உதவியாளர் வந்து சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. கட்டைவிரல் வளையவே இல்லை. மெல்ல மெல்லத்தான் சரியாகும் என்றேன். அதற்கு அவகாசம் இல்லை என்றார். டெல்லியில் ஒரு மசோதா ஓட்டுக்கு வருகிறது, கட்டாயம் வரவேண்டும் என்று கட்சிக் கொறடாவிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது, அதற்குள் கை தேற வேண்டும். கையைத் தூக்கி ‘ஆம்’ என்று சொல்ல இடது கை போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார்.

சாதாரண மசோதாவுக்குக் கையைக்கூடத் தூக்க வேண்டியதில்லையாம். அவைத் தலைவர் கேட்பார், ஆதரிக்கிறவர்கள் ‘ஆம்’ என்பார்கள், எதிர்க்கிறவர்கள் ‘இல்லை’ என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று காதால் அளந்து அவர் முடிவு சொல்வார். அதை ஒத்துக்கொள்ளாமல் யாராவது கேட்டால்தான் எண்ணிக்கை. ஆனால் இந்த மசோதா அரசியலமைப்பையே திருத்துவது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அன்றைக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சத்தத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் ஓட்டும் பதிவாக வேண்டும்.

அவரவர் மேசையில் பித்தான்கள் இருக்கின்றன. பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் யார் பக்கமும் இல்லை. ஆனால் பச்சையை மட்டும் அமுக்கினால் ஓட்டு விழாது. தள்ளி இன்னொரு பித்தான் இருக்கிறது, அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் நிறத்தை அமுக்க வேண்டும். மணி ஒன்று அடிக்கும். இரண்டாவது மணி அடிக்கும்வரை, சுமார் பத்து நொடி, இரண்டிலிருந்தும் விரலை எடுக்கக் கூடாது. ஒரே கையை விரித்தால் எட்டாத தூரத்தில்தான் இரண்டையும் வைத்திருக்கிறார்களாம்.

“அது எதுக்கும்மா அப்படி?” என்றேன்.

“பக்கத்து சீட்டுக்காரர் வரலைன்னா அவர் ஓட்டையும் சேர்த்து நம்மளே போட்டுறக் கூடாதுல்ல தாயி. ஒரு ஆளுக்கு ரெண்டு கைதான. ரெண்டும் அவுகவுக மேசையிலதான் இருக்கும்.”

அன்றிலிருந்து எங்கள் பயிற்சி அந்தப் பத்து நொடிக்கானதாக மாறியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் இரண்டு காலிங் பெல் சுவிட்சுகள் வாங்கி, ஒரு பலகையில் தள்ளித் தள்ளிப் பொருத்தினேன். வலது கைக்கான ஒன்றில் மட்டும் மணியை இணைத்தேன். மணி விடாமல் அடித்தால் அழுத்தம் சரி. விட்டு விட்டு அடித்தால் விரல் நழுவுகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் இரண்டு நொடிக்கு மேல் நிற்கவில்லை. வலி தாங்காமல் கண்ணில் நீர் வரும். அதைத் துடைக்காமலே மறுபடியும் விரலை வைப்பார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள், உள்ளே என்ன இம்புட்டு நேரமாக மணி அடிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அவருடைய உதவியாளர் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தார். கைக்கு முடியாதவர்களுக்கு விதியிலேயே வழி இருக்கிறது: தலைவரிடம் அனுமதி வாங்கி எழுந்து நின்று வாயால் சொல்லலாம். பித்தான் பதியாவிட்டால் ஓட்டுச் சீட்டில் எழுதியும் கொடுக்கலாம். எனக்குப் பெரிய நிம்மதி. அந்த அம்மா முகத்தில் நிம்மதி தெரியவில்லை. உதவியாளர் வெளியே போன பிறகுதான் பேசினார்.

“எங்கம்மா பேரு ஓட்டர் லிஸ்ட்ல இருந்துச்சு. ஆனா அது சாகுறவரைக்கும் ஒரு ஓட்டுப் போடல. வேலைய முடிச்சு, குளிச்சு, நல்ல சேலை கட்டிட்டுப் போவும். அதுக்குள்ள உன் ஓட்டைப் போட்டாச்சு, போ தாயின்னு சொல்லிருவாக. அதுவும் திரும்பி வந்துரும். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன்.” பிறகு, “சீட்டுலயும் போடலாம். நான் அமுக்கணும்னு நினைக்கிறேன்” என்றார்.

நான் பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

டெல்லிக்கு என்னையும் வரச் சொன்னார்கள். விமானத்தில் கை வீங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மதுரையிலிருந்து சென்னை போய் விமானம் மாறினோம். ஓட்டெடுப்பு நாளன்று எனக்குப் பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைத்தது. போன், கைப்பை எல்லாவற்றையும் வெளியிலேயே வாங்கிக்கொண்டார்கள். கால்மேல் கால் போடக் கூடாது, முன்னால் சாய்ந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்று காவலர் சொன்னார். என் இடத்திலிருந்து அந்த அம்மாவின் மேசை சாய்வாகத் தெரிந்தது. அரக்குக் கலர் பருத்திச் சேலை கட்டியிருந்தார்.

பேச்சுகள் முடிய மாலையாகிவிட்டது. திடீரென்று எல்லாத் தாழ்வாரங்களிலும் நீளமாக மணி ஒலித்தது. கேன்டீனிலும் நூலகத்திலும் இருந்தவர்கள் வேகவேகமாக உள்ளே வந்தார்கள். பிறகு கதவுகளைச் சாத்தினார்கள். அவ்வளவு நேரம் சந்தைக்கடை மாதிரி இருந்த இடத்தில் எல்லோரும் மேசையைக் குனிந்து பார்த்தார்கள்.

முதல் மணி. அந்த அம்மா இரண்டு கையையும் வைத்தார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பாதி எண்ணுவதற்குள் அவருடைய வலது தோள் மேலே ஏறியது. கட்டைவிரல் நழுவும்போதெல்லாம் தோள் அப்படித்தான் ஏறும். சுவரில் இருந்த பெரிய பலகையில் இருக்கை எண்கள் நிறநிறமாக எரிந்தன. அவருடைய எண் இருட்டாக இருந்தது. ஊழியர் ஒருவர் சீட்டோடு வந்தார். அந்த அம்மா இடது கையால் மெதுவாக எழுதிக் கொடுத்தார். என் இடத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. முன்னால் சாயக் கூடாது என்பது மறந்து சாய்ந்துவிட்டேன். காவலர் தோளைத் தொட்டார்.

முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. இப்படிப்பட்ட மசோதாவில் பரிசீலனைக்கு எடுப்பதற்கு ஒரு ஓட்டு, பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் ஓட்டு, கடைசியில் மொத்தமாக ஒன்று என்று பலமுறை நடக்குமாம். மறுபடியும் மணி அடித்தது. இந்தத் தடவை அவர் கட்டைவிரலை நம்பவில்லை. முஷ்டியை மடக்கி, ஆள்காட்டி விரல் முட்டியைப் பச்சைமேல் வைத்து, உடம்பையே முன்னால் சாய்த்து அழுத்தினார். இதை நான் சொல்லித் தரவில்லை. எனக்குத் தோன்றியதுமில்லை. தோள் ஏறவில்லை. இரண்டாவது மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தார். பலகையில் அவருடைய எண் பச்சையாக எரிந்தது. நிமிர்ந்து அதைப் பார்த்தார். அதன் பிறகு எத்தனை ஓட்டு எந்தப் பக்கம் என்று தலைவர் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அடுத்த தடவை அந்த அம்மா பித்தான் பக்கம் போகவே இல்லை. அடுத்தடுத்த ஓட்டுகளுக்கும் ஊழியரைச் சைகையால் கூப்பிட்டுச் சீட்டையே வாங்கிக்கொண்டார். மசோதா பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. அவருடைய ஒரு ஓட்டு இல்லாவிட்டாலும் நிறைவேறியிருக்கும்.

வெளியே வந்ததும் காரிலேயே கையைப் பார்த்தேன். முட்டி சிவந்து, மணிக்கட்டு நன்றாக வீங்கியிருந்தது. துண்டில் ஐஸ் சுற்றி வைத்தேன். அதற்கப்புறம் ஏன் சீட்டுக் கேட்டீர்கள் என்று கேட்டேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“வலிச்சுச்சு தாயி, கேட்டேன்” என்றார்.

அப்படியே கண்ணை மூடித் தூங்கிப்போனார். துண்டு நழுவாமல் நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. விரல் முழுதாக மடங்க இன்னும் சில மாதம் பிடித்தது. தண்ணீர்க் குடத்தை மட்டும் இன்னும் இடது கையால்தான் தூக்குகிறார். அடுத்த கூட்டத்தொடருக்குக் கிளம்பும்போது போன் செய்தார். இந்தத் தடவை நீ வர வேண்டாம், நானே போய்க்கிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.