பிள்ளைக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

கோர்ட்டுக்கு எதிரே, நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிற ஓர் அறை. அங்கே பத்தொன்பது வருஷமாக ஊரார் வழக்கையெல்லாம் டைப் அடிக்கிறவளை எல்லாரும் டைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எதையும் படித்து அடிப்பதில்லை. கண் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு பாட்டுக்கு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும். படித்து அடித்தால் ஊர் அழுகையெல்லாம் நம் தலையில் ஏறிவிடும் என்பாள்.

அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவள் காலை வாரியது. பக்கத்து அறைப் பத்திரக்காரர் கையால் எழுதிய ஒன்றைக் கொடுத்து, அவசரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்கு வீடு, நிலம் தவிர வேறெதுவும் எழுத வராது. சகல உரிமைகளையும் மனப்பூர்வமாக விடுதலை செய்கிறேன், இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை, வில்லங்கம் ஏதுமில்லை என்று அவளும் மளமளவென்று அடித்துத் தள்ளினாள். சொத்து விவரம் என்ற இடத்தில் விரல் நின்றது. ஆறாம் வகுப்பு படிக்கும் பெண் குழந்தை என்று எழுதியிருந்தது. கீழே தாயின் பெயர், விலாசம். இரண்டும் அவளுடையவை.

அடப்பாவி! பெத்த மகளைக் கை கழுவ வந்தவன், அதற்கு ஒரு மனைக்கட்டுப் பத்திரம் போட்டிருக்கிறான். அதில் முக்கால்வாசியை அவளே அடித்து முடித்திருக்கிறாள். தன் விரல்களை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாளை உருவிக்கொண்டு அவள் போனபோது, அவன் பக்கத்து அறை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். பஸ் டிப்போ மெக்கானிக். அவளோடு விவாகரத்தாகி ஐந்து வருஷம். இப்போது இரண்டாம் கல்யாணம் கூடி வந்திருக்கிறதாம், பெண் வீட்டார் பழைய தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்களாம். அவளைக் கண்டதும் முதலில் திருதிருவென்று விழித்தான். பிறகு துணிச்சல் வந்துவிட்டது.

"தலை முழுகிட்டேன்னு நீதானே சொன்னே? இப்ப நானே எழுதித் தரேன். உனக்கு ஏன் எரியுது?"

"உன்னைத் தலை முழுகினது நான். அவ முழுகலையே."

பத்திரக்காரர் அப்போதுதான் விஷயம் புரிந்து தலையில் கை வைத்தார். அவள் அடித்த தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் விடவில்லை. வேறு இடத்தில் அடித்து வாங்கி, வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கே போனான். நீதிபதி அம்மா இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். இது கையெழுத்துப் போட்டு ராஜினாமா செய்கிற வேலையில்லை, வேறொருத்தர் முறைப்படி தத்தெடுத்துப் பொறுப்பேற்காத வரை நீதான் தகப்பன், பராமரிப்பும் உன் தலையில்தான் என்று மனுவைத் தள்ளிவிட்டார். ஜெயிச்சிட்டே அக்கா என்று கோர்ட்டு வாசலே கொண்டாடியது. அவளுக்குத்தான் கொதிப்பு அடங்கவில்லை.

வீட்டில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா கோர்ட்டுக்கு வந்தாராமே, எதுக்கு என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உனக்கு இனிமே அப்பாவா இருக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்க வந்தாரு. அப்படியெல்லாம் முடியாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு."

மகள் பேனாவை மூடினாள்.

"அப்ப, கோர்ட்டு விடாததாலதான் அவரு எனக்கு அப்பாவா?"