தக்காளி இல்லாத ஐப்பசி

அந்த ஐப்பசியில் எங்கள் கடைப் பலகையில் "இன்று தக்காளி ரசம், தக்காளிச் சட்னி கிடையாது" என்று சாக்பீஸால் எழுதியது நான்தான். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். காலையில் இட்லி, தோசை. மதியம் சாப்பாடு. சமையல் என் பொறுப்பு, கல்லாவும் காய் வாங்குவதும் அவர் பொறுப்பு. கடை தொடங்கியதிலிருந்து ஒரே மண்டியில்தான் காய் எடுத்தோம். மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசியதே இல்லை.

மழைக்காலத்தில் தக்காளி விலை ஏறுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பழம் செடியிலேயே அழுகியது. தப்பி வந்த கொஞ்சமும் மலையேறிக் கேரளாவுக்குப் போனது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ஒரு பெட்டி வாங்கினால் அன்றைய லாபம் அதிலேயே போய்விடும்.

ஒரு நாள் காலை வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இரண்டு பெட்டி இறக்கினார். மேலே மூடியிருந்த சாக்கை விலக்கினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. பாதிக்கு மேல் நீர் கோத்து, கறுத்து, பூஞ்சை பூத்த பழங்கள்.

"என்னங்க இது?"

"ஒடசல், கழிச்சுப் போட்ட பழம். மண்டிக்காரரு பாதி விலைக்குக் குடுத்தாரு. கொதிக்கிற ரசத்துல என்ன தெரியப் போகுது? எல்லாக் கடையிலயும் இதான் ஓடுதுன்னு சொல்றாரு."

"நம்ம பிள்ளைக்கு இதுல ரசம் வச்சுக் குடுப்பீகளா?"

அவர் கை கழுவப் போய்விட்டார். நான் இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டுபோய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"ஏய், காசைக் குப்பையில கொட்டுற!"

"குப்பையத்தான் குப்பையில கொட்டுறேன்."

அன்று மிளகு ரசமும் தேங்காய்ச் சட்னியும்தான். பலகையில் எழுதியதும் அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டியில் என் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். பந்தல் முழுக்கத் திராட்சை. ஆனால் தக்காளி விலையை ஏற்றிவிட்ட அதே மழை திராட்சை விலையை இறக்கிவிட்டிருந்தது. கொத்துக்குக் கொத்து நாலைந்து பழம் வெடித்து நின்றது. அண்ணன் மனைவி, என் மதினி, பந்தலுக்கு அடியில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெட்ட வாரேன்னு சொன்ன ஏவாரி போனக்கூட எடுக்கல. வெடிச்ச பழம் லாரியில தாங்காதாம். மாடு திங்கத்தான் ஆகும் போ."

ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, பின்னால் நாக்கின் ஓரத்தில் புளிப்பு. முழுசாக நிறம் ஏறாத இன்னொன்றைக் கடித்தேன். பல் கூசியது. எனக்கு மறுநாள் ரசம்தான் நினைவுக்கு வந்தது.

"மதினி, வெடிக்காததாப் பாத்து, அரைக்காயும் கலந்து ரெண்டு கூடை வெட்டித் தாங்க."

"என்னத்துக்குடி?"

"ரசத்துக்கு."

சிரித்தாள். காசு வேண்டாம் என்றாள். "சும்மா தந்தா எனக்கு வேணாம். மழைக்கு முன்ன என்ன விலைக்குப் போச்சோ அதை வாங்கிக்கங்க" என்று சொல்லி அவள் கையில் திணித்தேன். அந்த விலைக்கும் தக்காளியைவிட அது மலிவுதான்.

திங்கட்கிழமை ரசம் கெட்டுப்போனது. ஊதா நிறத்தில், இனிப்பாக, விதை பல்லில் அகப்படுகிற மாதிரி ஒரு திரவம். டம்ளர்கள் அப்படியே திரும்பி வந்தன. தினமும் வருகிற வக்கீல் ஒருவர் உரக்கக் கேட்டார்: "ஏம்மா, இது ரசமா, இருமல் மருந்தா?" கடையே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்காரர் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டார்.

விடுவேனா? மறுநாள் அரைக்காயை மட்டும் வேகவைத்து மசித்து, விதையை வடிகட்டினேன். பருப்புத் தண்ணீரைக் கூட்டினேன். மிளகும் பூண்டும் இரண்டு மடங்கு. கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்கினேன். பலகையில் "திராட்சை ரசம்" என்று முன்னைவிடப் பெரிதாக எழுதினேன். கல்லூரிப் பிள்ளைகள் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார்கள். வக்கீல் அதைத் தொடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எதிர்க் கடையில்தான் சாப்பிடுகிறார். சாப்பிடட்டும்.

அந்த வாரக் கடைசியில் மண்டிக்காரரே நேரில் வந்தார். கூட்ட நேரம். கல்லா முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் குடுத்த சரக்கைக் குழியில கொட்டினியாமே? தோட்டத்துல போயி நேரா எடுக்குறியாம். எடு, எடு. முருங்கைக்காய் வெல ஏறுறப்ப எங்கிட்டத்தான வரணும்? அப்பப் பாத்துக்கறேன்."

கரண்டியோடு வெளியே வந்தேன்.

"ஏறுறப்ப முருங்கை சமைக்க மாட்டேன் அண்ணே. வாழைப்பூ இருக்கு, பூசணி இருக்கு. மார்கழி பிறந்தா மொச்சை வந்துரும். எது வெளையுதோ அதை ஆக்கிப் போடுறேன். அழுகினது மட்டும் என் அடுப்புக்கு வராது."

"இங்கன சாப்பிடுறவுக தெனமும் பூசணியத் தின்பாகளா?"

"தின்னாப் போடுறேன். திங்கலன்னா அடுத்த நாள் வேற பாக்குறேன். அது எனக்கும் அவுகளுக்கும் உள்ளது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "தண்ணி குடிக்கிறீகளா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். மண்டிக்காரர் குடிக்காமல் போனார். அன்று அந்தக் கேள்விக்காக வீட்டுக்காரர் மேல் எனக்கு எரிச்சல். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து மண்டியில் எங்களுக்குக் காய் இல்லை. விடிந்ததும் பஸ் பிடித்துச் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். கீரைக் கட்டையும் பூசணியையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஏறுவேன். தோள் கழன்றுவிடும் போலிருக்கும். பீன்ஸும் கேரட்டும் வாரக்கணக்கில் எங்கள் இலையில் இல்லை. கேட்டவர்களிடம் இல்லை என்றேன். சிலர் போனார்கள், சிலர் இருந்தார்கள். மார்கழியில் ஒரு நாள் சந்தை வாசலில் வீட்டுக்காரர் மொபெட்டோடு நின்றார். மொச்சை மூட்டையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் சந்தைக்குக் கிளம்ப அவரே என்னை எழுப்பினார்.

மாசியில் தக்காளி விலை அடியோடு விழுந்தது. பறிப்புக் கூலிக்குக்கூட ஆகாமல் ரோட்டோரம் கொட்டினார்கள். அப்போது மண்டிக்காரர் ஆள் விட்டார், அள்ளிக்கொண்டு போகச் சொல்லி. நாங்கள் போகவில்லை. தக்காளித் தோட்டத்துக்கே போய், பறிக்கிற கூலியும் கட்டி, தோட்டக்காரர்களுக்கும் கையில் ஏதாவது நிற்கிற மாதிரி கொடுத்து எடுத்தோம். அதில் பேரம் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தது வீட்டுக்காரர்தான். அன்று முழுக்க நானும் அவரும் அடுப்படியில் நின்று, அடுத்த ஐப்பசிக்கென்று தக்காளித் தொக்குக் கிளறினோம். கை முழுக்கக் கொப்புளம்.