மயக்க டாக்டர் கேட்ட கேள்வி

அன்பான சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் நோன்புக்கு முந்தின மாதம். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். மட்டாஞ்சேரியில் மசாலாக் கடை வைத்திருக்கும் என் கணவர் எவ்வளவோ தைரியம் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தம்பி கபீர் ஏழு வயதில் ஆபரேஷன் மேசையிலேயே இறந்தான். சாதாரணக் குடலிறக்கம்தான். மயக்கம் கொடுத்ததும் உடம்பு விறைத்து, நெருப்பாகக் கொதித்ததாம். இனி இதைப் பேசக்கூடாது என்றார் எங்களைப் பெற்ற அத்தா. யாரும் பேசவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த கணவரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது சொன்னால் பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்பார். ரத்தப்போக்கோ நிற்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அழுதேன். "யா அல்லாஹ், என்னால் வாய் திறக்க முடியவில்லை. நீயே ஒரு வழி காட்டு."

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு மயக்க டாக்டரைப் பார்க்க ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள். இளவயதுப் பெண் டாக்டர். என்னிடம் கேட்டதற்கெல்லாம் கணவரே பதில் சொன்னார். என் மாத்திரைகள், ஆடுகிற கடைவாய்ப்பல், படியேறினால் எத்தனையாவது படியில் நிற்பேன் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, அக்கா என்ற முறையில் 'இத்தா' போட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"உங்க வீட்ல யாருக்காவது மயக்கம் கொடுத்தப்போ ஏதாவது குழப்பம், ஆபத்து வந்ததுண்டோ, இத்தா?"

இல்லை என்று சொல்லக் கணவர் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்டு டாக்டர். என் தம்பிக்கு."

எல்லாம் சொன்னேன். டாக்டர் எழுந்துபோய்ப் பெரிய டாக்டரை அழைத்துவந்தார். இது பரம்பரையாக வரலாம், சில மயக்க மருந்துகள் எனக்கும் ஆபத்தாகலாம் என்றார்கள். நாளைத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்ததும் கணவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சாயா வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"கபீர் இருந்திருந்தா இப்ப என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் தம்பிக்காக இரண்டு பேரும் துஆ செய்தோம்.

முழு மயக்கம் கொடுக்காமல், முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். என் இரண்டு பெண்களிடமும் மாமாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும் அவர்கள் அதை முதலில் சொல்கிறார்கள்.

சகோதரிகளே, மனதை அழுத்துவதை நம்மைப் படைத்த ரப்பிடம் அழுது சொல்லுங்கள். அவன் யாரையாவது அனுப்பிக் கேட்கவைப்பான். கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.