தேரிக்குள் பின்பாரம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். பேய் பிசாசு என்று பிள்ளைகள் பேசினால் அதட்டி உட்கார வைக்கிறவள். இதை வெளியே சொன்னால் எனக்குக் கேலிதான் மிச்சம். ஆனால் நடந்தது நடந்ததுதான். நேரம் எல்லாம் என் சைக்கிளில் மாட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியில் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அழிக்கவில்லை. அழிக்கப் போவதும் இல்லை.

என் பெயர் விஜிலா. ஊர் நாசரேத். நான் ஓட்டுவது கிராவல் சைக்கிள். தார் ரோட்டிலும் ஓடும், சரள் பாதையிலும் ஓடும். டயர் கொஞ்சம் தடிமன். பின்னால் கேரியர் கிடையாது.

போன வருடம் எங்கள் சைக்கிள் குழு எழுபது கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. சாத்தான்குளத்தில் கிளம்பி, சரள் பாதைகளில் ஏறி இறங்கி, தேரியைக் குறுக்கே கடந்து, மணப்பாடு கடற்கரையில் முடிக்க வேண்டும். தேரி என்றால் செம்மணல் மேடு. குன்று குன்றாகக் கிடக்கும். நடுவில் பனையும் உடைமரமும் தவிர ஒன்றும் இருக்காது. வழியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் டிக்சன் அண்ணன் போன் செய்தார்.

"விஜிலா, பொம்பளைங்க எல்லாரும் தார் ரோட்டுலயே சுத்தி வந்துரட்டும். தேரிக்குள்ள ஆம்பளைங்க மட்டும் போறோம்."

"ஏன்ணே?"

"அங்கன ஒரு மாதிரி பேசுதாவ. சைக்கிள்ல போன ரெண்டு மூணு பேரு, சைக்கிளை அங்கயே போட்டுட்டு ஓடி வந்திருக்கானுவ. ஆம்பளைங்களே அப்படின்னா..."

"ஞாயித்துக்கிழமை நான் தனியா போயிட்டு வாரேன். ஜிபிஎஸ் தடத்தை அனுப்புதேன். பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

போனை வைத்துவிட்டேன். வழி கண்டுபிடிக்க மட்டும் நான் வேண்டும், அதில் போக நான் வேண்டாமா?

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. வெயிலுக்கு முன்னே தேரியைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். உடை முள் குத்தி மூன்று தடவை டியூப் போனது. தேரி ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி 11:52.

அங்கே ஓலைக் கொட்டகையில் ஒரு அம்மா பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். முருகேஸ்வரி என்று பெயர். என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏளா, உச்சிப்பொழுதுல உள்ள போவாத."

"பாதை இருக்காக்கா?"

"பாதை என்னவோ இருக்கு..."

"அப்போ போறேன்."

12:04. முதல் மேட்டை மிதித்தே ஏறினேன். டயரில் காற்றைக் குறைத்திருந்ததால் மணலில் மிதந்தது. இறக்கத்தில் கத்தக்கூடச் செய்தேன். அவ்வளவு சந்தோஷம்.

12:11. இரண்டாவது மேடு. பின் சக்கரம் சட்டென்று புதைந்தது.

பஞ்சர் என்று நினைத்து இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது. திரும்ப ஏறி மிதித்தேன். நகரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் தங்கையைப் பின்னால் வைத்து மிதித்திருக்கிறேன். அதே பாரம்... அதே இழுவை.

கிர்ரீச்...

கேரியர் கம்பி முனகும் சத்தம். பழைய சைக்கிளில் ஆள் அசைந்து உட்கார்ந்தால் வருமே, அது.

என் சைக்கிளில் கேரியர் இல்லை.

இறங்கித் தள்ளினேன். பாரம் குறையவில்லை. பனை ஓலைகூட அசையவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிற மாதிரி...

12:19. இதை வகுப்பில் வருடாவருடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஏப்ரல் நடுவில் எங்கள் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழல் பக்கவாட்டில் விழாது. என் நிழல் என் காலடியில் சுருண்டு கிடந்தது. பனையின் நிழல் அதன் தூரோடு கிடந்தது.

சைக்கிளின் பக்கத்தில் மட்டும் ஒரு நீள நிழல்.

கால்களை ஒரு பக்கமாகத் தொங்கப்போட்டு உட்கார்ந்த ஒரு பெண்ணின் நிழல். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

நான் கைப்பிடியை விட்டுவிட்டேன். இரண்டு எட்டு பின்னால் போனேன்.

சைக்கிள் விழவில்லை.

நின்றது. யாரும் பிடிக்காமல்.

ஓடியிருக்கலாம். கால் அதற்குத்தான் துடித்தது. ஆனால் ஓடினால் சைக்கிள் இங்கேயே கிடக்கும். திங்கட்கிழமை டிக்சன் அண்ணன் சிரிப்பார். எங்கள் குழுவின் பதினொரு பெண்களும் தார் ரோட்டில்தான் போவோம். பயத்துக்கு மேலே கோபம் ஏறியது.

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ. என் சைக்கிளை இங்கன விட்டுட்டுப் போக மாட்டேன்."

சைக்கிள் அப்படியே நின்றது.

"இறங்க மாட்டியா? சரி, உக்காரு. ரோடு வரைக்கும் கொண்டு விடுதேன். கெட்டியா பிடிச்சுக்கோ."

கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன்.

12:26. தள்ளினேன்.

12:33. காதுக்குப் பக்கத்தில்... சின்னக் குரல்.

"நான் விழல..."

"என்னது?"

"நான் விழலக்கா..."

திரும்பிப் பார்க்கவில்லை.

தள்ளினேன்.

12:48. தார் ரோடு.

முன் சக்கரம் ரோட்டில் ஏறியதும் சைக்கிள் என் கையைப் பறித்துக்கொண்டு முன்னே பாய்ந்தது. அவ்வளவு லேசு. அப்போதுதான் திரும்பினேன். மணலில் என் செருப்புத் தடம். அதை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்குச் சக்கரத் தடம். வேறு ஒன்றும் இல்லை.

அன்று இரவே தடத்தை டிக்சன் அண்ணனுக்கு அனுப்பினேன். பாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "தேரி வழியா போகலாம். எல்லாரும் போறோம்" என்று மட்டும் எழுதினேன்.

புதன்கிழமை சாயங்காலம் முருகேஸ்வரி அக்காவைத் தேடிப் போனேன். நான் கேட்பதற்கு முன்னே அவரே ஆரம்பித்தார்.

"பின்னால ஏறுனாளா?"

தலையாட்டினேன்.

"பகவதின்னு பேரு. ஏழு மாசம் வயித்துல. இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. வலி வந்துட்டுன்னு அவ புருஷன் செந்தூர்வேல் கேரியர்ல உக்கார வச்சு, ஆசுபத்திரிக்குத் தேரிக்குள்ள குறுக்கால தள்ளிட்டுப் போனான். ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாக்கான், ஆளைக் காணோமாம். மயங்கி வழியில விழுந்துட்டா, நான் கவனிக்கலன்னு அழுதான். மூணாம் நாள் மணலுக்குள்ள இருந்து எடுத்தாவ. ஊரே அவன் மேல இரக்கப்பட்டுச்சு."

நான் என் கைகளைப் பார்த்தேன்.

"அக்கா, நான் அந்த மணல்ல பாரத்தோட தள்ளிட்டு வந்தவ. பாரம் போன அந்த நிமிஷமே கைக்குத் தெரியும். தெரியாம இருக்கவே முடியாது. அவன் சொன்னது பொய்."

கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு நின்றது.

"அவ என்கிட்ட சொன்னா. நான் விழலக்கான்னு சொன்னா."

பதநீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

மே மாதம் முதல் ஞாயிறு பயணம் நடந்தது. பதினொரு பெண்களும் தேரி வழியாகத்தான் போனோம். கிளம்பும்போது எல்லார் முன்னாலும், டிக்சன் அண்ணன் முன்னாலும், பகவதியின் பெயரைச் சொன்னேன். அவள் விழவில்லை என்றும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வழியில் யாருக்கும் பாரம் தெரியவில்லை.

தேரிக்குள் நுழைவதற்கு முன், அதன் ஓரத்தில் எல்லாரும் பதநீர் குடிக்க நின்றோம். எங்களில் இளையவளான ஜெஸ்மி கேட்டாள், "அந்தாளு இப்போ எங்கன இருக்கான்?"

"செந்தூர்வேலா? அவ போன மறுவருசமே போயிட்டான்" என்றார் முருகேஸ்வரி அக்கா. "ரெண்டாங்கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க இதே வழியா தனியா சைக்கிளைத் தள்ளிட்டுப் போனான். நாங்கதான் போய்ப் பார்த்தோம். மண்டி போட்டபடி செத்துக் கிடந்தான். உடம்புல ஒரு காயம் இல்ல. ரெண்டு கையும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு, விரலைப் பிரிக்க நாலு பேரு வேண்டியிருந்துச்சு."

அடுப்புக்கு ஒரு ஓலையைத் தள்ளிவிட்டு அவர் சொன்னார்:

"தலை மட்டும் கேரியர் பக்கம் திரும்பியிருந்துச்சு. எவ்வளவோ பார்த்தோம். அதை நேராக்க முடியல. அப்படியேதான் புதைச்சோம்."