எல்லாற்றை வீட்டிலயும் ஒரே அருவி

படம் விக்கிறது லேசு; அதை எந்தச் சுவரிலை கொழுவிறது எண்ட கதை வந்தாப்போலைதான் குடும்பங்களுக்குள்ளை சண்டை தொடங்கும். சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்டச் சின்னதாய் ஒரு படக்கடை வைச்சிருக்கிறன். அருவி, ஓடுற குதிரையள், சூரியன் சாயிற கடல், ரோசாப்பூக் கூடை எண்டு நாலைஞ்சு வகைதான். எல்லாம் சீனாவிலை ஆயிரக்கணக்கிலை அச்சடிச்சு, சட்டம் போட்டு, கொழும்பாலை பெட்டி பெட்டியாய் வாறது. வாங்கிற ஆக்களின்ரை வீட்டுக்கு நானே கொண்டுபோய், துளை போட்டு, நேர் பாத்துக் கொழுவிக் குடுக்கிறது எங்கடை கடை வழக்கம். சனத்தோடை மல்லுக்கட்டிப் பிழைக்கிற ஆக்களே, உங்களுக்கு என்ரை பாடு விளங்கும். விளங்காதவை குடுத்துவைச்சவை.

வெறுஞ்சுவர்

என்ரை மகள் ஆரணி கம்பஸிலை சித்திரம் படிக்கிறாள். போன வருசம் வீட்டுக்கு வெள்ளை அடிச்ச கையோடை, கடையிலை ஆகவும் கூட விலைப்படுற அருவிப் படத்திலை ஒண்டைக் கொண்டுவந்து ஹோலிலை கொழுவினனான். பின்னேரம் வந்து பாக்கிறன், படம் அலுமாரிக்குப் பின்னாலை போயிட்டுது. ஆணி மட்டும் சுவரிலை நிக்குது. “அப்ப நீ கீறினதிலை ஒண்டைக் கொழுவன்!” எண்டு கத்தினன். “கொழுவிற மாதிரி ஒண்டு எனக்கு இன்னும் வரேல்லை அப்பா” எண்டாள். உண்மை சொல்லுற பிள்ளையோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்?

வீட்டுக்கு வாற சொந்தக்காரர் எல்லாரும் ‘படக்கடைக்காரன் வீட்டிலை படமில்லை’ எண்டு பகிடி. பகிடியை விடுங்கோ, எனக்குச் சரியான கவலை. உந்தப் படங்களை வித்துத்தான் அவளைப் படிப்பிக்கிறன். அதுக்கு என்ரை சுவரிலையே இடமில்லையெண்டால், இவ்வளவு காலமும் சனத்துக்கு நான் குப்பையே வித்தனான்? அதை அவளிட்டையே கேட்டுப்போட்டன். பிள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. ஆனாலும் விட்டுக்குடுக்கேல்லை: “நான் உங்களைச் சொல்லேல்லை அப்பா. ஆயிரம் வீட்டிலை கிடக்கிற படம், எங்கடை வீட்டிலை எங்களைப் பற்றி என்னத்தைச் சொல்லும்?”

குதிரையள் எங்கை போகுது?

அச்சுவேலியிலை வெங்காயம் செய்யிற கந்தையா அண்ணை ஏழு குதிரை ஓடுற படம் வாங்கினவர். வாசலுக்கு வலப்பக்கச் சுவரிலை கொழுவி முடிச்சு, வேர்வையைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறன். அவற்றை மனுசி குசினிக்குள்ளாலை ஓடி வந்தா. “ஐயோ, குதிரையள் வாசலாலை வெளியிலை ஓடுது! வீட்டிலை இருக்கிறதும் போயிடும்!” சரியெண்டு கழட்டி, எதிர்ச்சுவரிலை புதுத்துளை போட்டுக் கொழுவினன். இப்ப குதிரையள் உள்பக்கம் ஓடுது. மனுசிக்கு நல்ல சந்தோசம்.

கந்தையா அண்ணை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பாக்கிறார், பின் யன்னலைப் பாக்கிறார், திரும்பவும் படத்தைப் பாக்கிறார். பின்னாலை அவற்றை தமையன்ரை வளவு. ரெண்டுபேருக்கும் வேலிப் பிரச்சினை, கதை பேச்சு இல்லை. “நான் காசு குடுத்து வாங்கின குதிரை ஏன் அவன்ரை வளவுக்குள்ளை ஓடோணும்?” எண்டு தொடங்கினார். மனுசி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவிலை துளைபோடுற மெசினோடை நான். எனக்கெண்டால் விசர் பிடிச்சுப்போச்சு. கடைசியிலை அண்ணை என்னை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டுபோய் மெல்லமாய்க் கேட்டார்: “தம்பி, ஓடாமல் சும்மா நிக்கிற குதிரைப் படம் ஏதும் இருக்கே?”

ஆர் முதல்?

நல்லூரிலை ரியூசன் குடுக்கிற ரீச்சர் ஒராள் ரோசாப்பூக் கூடைப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்திட்டா. மச்சாள்காரி வீட்டிலயும் அதே படமாம். “நான் அவவைப் பாத்து வாங்கினனான் எண்டெல்லோ நினைப்பினம்” எண்டு கண் கலங்குது. “ரீச்சர், அவ உங்களுக்குப் பிறகு வந்துதான் வாங்கினவ” எண்டன். சத்தியமாய் உண்மை. ரீச்சற்றை முகம் அப்பிடியே பூத்துப்போச்சு. படத்தைத் தூக்கிக்கொண்டு படியாலை இறங்கினவ, திரும்பி வந்து கேட்டா: “உந்தக் கதையை நீங்கள் ஒருக்கா அவவின்ரை வீட்டுக்குப் போய்ச் சொல்லுவியளோ?”

வாற வள்ளம்

குருநகர் ஸ்ரெல்லா அக்காவின்ரை மனுசனும் மூத்த மகனும் கடலுக்குப் போறவை. அவ வந்து கடல் படம்தான் வேணும் எண்டு நிண்டா. “விடிஞ்சால் பொழுதுபட்டால் கடலைத்தானே பாக்கிறியள், ஒரு அருவியைக் கொண்டுபோங்கோவன்” எண்டு சொல்லியும் பாத்தன். கேக்கேல்லை. சூரியன் சாயிற கடலும் அதிலை தனிய ஒரு வள்ளமும் உள்ள படத்தை எடுத்தா. வீட்டிலை யேசுவின்ரை திருவிருதயப் படம் இருக்கிற சுவருக்குப் பக்கத்துச் சுவரிலை கொழுவிவிட்டன்.

கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டவ, எதிர்ச்சுவருக்கு மாத்தச் சொன்னா. திரும்பவும் குதிரைக் கதையோ எண்டு எனக்குச் சினம் ஏறிப்போச்சு. “ஏனக்கா, இதுவும் வாசலாலை ஓடப்போகுதோ?” எண்டு கொஞ்சம் சுள்ளெண்டுதான் கேட்டன். அவ கோவிக்கேல்லை. படத்திலை வள்ளத்தின்ரை முன்பக்கத்தைத் தொட்டு, அது பாக்கிற திசையிலை இருக்கிற வாசலைக் காட்டினா. நான் மற்றச் சுவரிலை துளை போட்டன். ஸ்ரெல்லா அக்கா சொன்னது இதுதான்: “போறதை நான் கரையிலை நிண்டு பாக்கிறனான், தம்பி. வீட்டுக்குள்ளையெண்டாலும் வாறதாய் இருக்கட்டும்.”

தகரத்திலை ஆணி

போன மாரியிலை ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து எனக்குக் கை சுளுக்கிப்போச்சு. வலிகாமம் வடக்கிலை ஒரு வீட்டுக்கு அருவிப் படம் கொண்டுபோகோணும், வாக்குக் குடுத்திட்டன். “நான் வந்து துளை போட்டுத் தாறன் அப்பா” எண்டு ஆரணி வெளிக்கிட்டாள். எனக்கு நம்பேலாமல் கிடந்தது. வழி முழுக்க ஓட்டோவிலை மடியிலை அந்த அருவியைத்தான் வைச்சுக்கொண்டு வந்தாள், பாவம்.

வீட்டுக்காரி புஸ்பராணி அக்கா. சின்ன வயசிலை இடம்பெயர்ந்து, முகாமிலை வளந்து, முகாமிலையே கலியாணம் முடிச்சு, பிள்ளையளையும் அங்கையே பெத்தவ. இப்பதான் ஆமி பிடிச்சு வைச்சிருந்த காணி விடுபட்டு வீடு எழும்பியிருக்கு. ஹோலுக்கு மட்டும் பூச்சுப் பூசியிருக்கு, மற்ற அறையள் வெறுங்கல்லு. ஆரணி மனம் கேக்காமல் சொல்லிப்போட்டாள்: “அக்கா, உந்தப் படம் எல்லாற்றை வீட்டிலயும் கிடக்கு. உங்கடை முதல் வீடெல்லே, வேறை ஏதேன் வடிவாய்ப் பாத்து எடுங்கோவன்.” வியாபாரம் போனால் போகட்டும், அந்த மனுசியின்ரை முகம் வாடக்கூடாது எண்டு நினைச்சன்.

அக்கா சிரிச்சா. “எல்லாற்றை வீட்டிலயும் கிடக்கெண்டுதானே பிள்ளை எனக்கும் வேணும்” எண்டா. முகாமிலை இருக்கேக்கை ஊர்ச்சனத்தின்ரை வீடுகளுக்கு வேலைக்குப் போறவவாம். போற இடமெல்லாம் ஹோலிலை உந்த அருவி இருக்குமாம். வீடெண்டால் உப்பிடித்தான் எண்டு மனசிலை பதிச்சு வைச்சிருந்தவவாம். முகாமிலை தகரச் சுவர், ஆணி அடிச்சால் மழைக்கு ஒழுகும். கலண்டரைக்கூடக் கயித்திலை கட்டித்தான் தொங்கவிட்டவையாம். ஆரணி துளையைப் போட்டு, அதுக்குள்ளை மரக்கட்டையை வைச்சு, ஆணியையும் சுத்தியலையும் அக்காவின்ரை கையிலை குடுத்தாள். அக்கா ஓங்கி ஒரு அடி. பூச்சு கொஞ்சம் உதிர்ந்து தலையிலை கொட்டினது. அதைத் தட்டக்கூட இல்லை, சுவரைத் தடவிக்கொண்டு கேட்டா: “இதிலை அடிச்சால் ஒழுகாது, என்ன பிள்ளை?”

சரிவு

அடுத்த நாள் கடையைப் பூட்டிப்போட்டு வந்து செருப்பைக் கழட்டுறன், ஹோல் சுவரிலை அருவி! அலுமாரிக்குப் பின்னாலை கிடந்த அதே படம். பழைய ஆணியைப் பிடுங்கிப்போட்டு, கதிரையிலை ஏறி நிண்டு தானே புது ஆணி அடிச்சுக் கொழுவினவளாம், என்ரை மனுசி காதுக்குள்ளை சொன்னா.

ஆனால் படம் இடப்பக்கம் நல்லாய்ச் சரிஞ்சு கிடக்கு. அருவித் தண்ணி எங்கடை சாமியறைப் பக்கம் ஊத்துது. தொழில் பழக்கம், கை சும்மா இருக்குமே? கதிரையை இழுத்துப்போட்டு ஏறினன். ஆரணி ஓடிவந்து என்ரை சாரத்தைப் பிடிச்சு இழுத்தாள்: “இறங்குங்கோ அப்பா! படம் எனக்கு இப்பவும் பிடிக்கேல்லைத்தான். ஆனா ஆயிரம் வீட்டிலை இது நேராய்க் கிடக்கு, சரிஞ்சு கிடக்கிறது எங்கடை வீட்டிலை மட்டும்தான்!”

ஊருக்கெல்லாம் நேர் பாத்துக் கொழுவிக் குடுக்கிற நான், இப்ப ஆரும் வந்து ‘உங்கடை வீட்டிலையே படம் சரிவெல்லே’ எண்டு சொன்னால், எழும்பி நிண்டு பெருமையாய் ‘ஓம்’ எண்டுதான் சொல்லுறன்.